மரம் படாத வைன்

பரிஸ் நகரத்தின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் என்னை இப்போதும் வைன் அண்ணை என்றுதான் கூப்பிடுகிறார்கள். வேலையை விட்டு வருடங்களாகின்றன, பெயர் மட்டும் என்னை விடவில்லை. சாமான் வாங்கப் போனால் கடைக்காரப் பெடியள், "என்ன வைன் அண்ணை, வெறுங்கையோடையோ வாறியள்?" என்று கேட்பார்கள். நானும் சிரித்துவிட்டுப் போவேன்.

சென்ற மாதம் தேநீர்க் கடையில் இரண்டு பெடியள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். பரிசுக்கு வெளியே சார்செல்லில் இருக்கிறார்களாம். "அண்ணை, உங்கடை பழைய இடத்திலை வைன் நிலவறை வேலைக்கு ஆள் எடுக்கினமாம். நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் எடுப்பினம்" என்றார்கள். சொல்ல மாட்டேன் என்றேன். நான் எழும்பி வரும்போது, கிழவனுக்கு எரிச்சல் என்று ஒருவன் மற்றவனுக்குச் சொன்னது என் காதில் விழுந்தது. அவன் சொன்னது சரிதான், எனக்கு எரிச்சல்தான். எதற்கு எரிச்சல் என்பதையும் எழுதி வைக்கிறேன், வாசித்துவிட்டுப் போகட்டும்.

நான் இந்தத் தொழிலைப் படித்துவிட்டுப் போனவன் அல்ல. பரிசுக்கு வந்த எல்லோரையும் போலச் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன். ஒரு புரட்டாதியில் திராட்சை வெட்ட ஆள் வேண்டும் என்று ஒருவர் எங்களை வான் வண்டியில் ஏற்றிப் போனார். பரிசுக்குத் தெற்கே, ரயிலில் போனால் இரண்டு மணித்தியாலம். சுண்ணாம்புக் கல் மேடு, அதில் ஒரு குடும்பத்தின் தோட்டம். வெட்டு முடிந்து மற்றவர்கள் திரும்பிவிட்டார்கள். சாறு நொதிக்கும் பெரிய தாங்கிக்குள் இறங்கித் தேய்த்துக் கழுவ அங்கத்தைய வேலையாட்களுக்குப் பஞ்சி, எனக்கு அது ஒரு பொருட்டில்லை. அதனால் முதலாளி என்னை நிறுத்திக்கொண்டார். பிழியவும், குழாய் மாற்றவும், வெப்பம் பார்க்கவும் இரண்டு மூன்று வெட்டுக் காலத்தில் பழகிவிட்டேன். திங்கள் முதல் வெள்ளி வரை உழவு இயந்திரக் கொட்டகைக்கு மேலிருந்த அறையில் தங்குவேன். சனி ஞாயிறு லா சப்பலுக்குப் பக்கத்தில், மார்க்ஸ் டோர்மோய் வீட்டில் மனைவி பிள்ளைகளோடு.

முதலாளியைப் பெரிய மிசியூ, அதாவது பெரிய ஐயா, என்றும் அவருடைய மகனைச் சின்ன மிசியூ என்றும் நாங்கள் சொல்லிக்கொள்வோம். அவர்கள் செய்வது வெள்ளை வைன் மட்டும். அதிலும் ஓக் மரப் பீப்பா ஒன்றுகூட அந்த வளவுக்குள் கிடையாது. எல்லாம் உருக்குத் தாங்கிகள். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "பீப்பாயில் போட்டால் மரம் தன் வாசனையைக் கொடுத்துக் குறையை மூடிவிடும். எங்களிடம் மூட ஒன்றும் இல்லை. பழம் எப்படியோ அப்படியே கிண்ணத்துக்கு வர வேண்டும்" என்றார். அந்தக் கதையைச் சொல்லும்போது மனிதர் கொஞ்சம் நிமிர்ந்து நிற்பார்.

மூட ஒன்றும் இல்லாததால்தான் அங்கே அவ்வளவு கட்டுப்பாடு. பழம் வந்த கையோடு அவசரப்படாமல் மெல்லப் பிழிய வேண்டும். சாற்றைக் குளிரில் விட்டுக் கசடு அடியில் இறங்கிய பின், தெளிந்ததை மட்டும் அடுத்த தாங்கிக்கு மாற்ற வேண்டும். அங்கே அது நொதிக்கும். நொதிக்கும் நாட்களில் காலையும் மாலையும் வெப்பம் பார்த்து, கூடினால் குளிர்நீரைத் திறக்க வேண்டும். காலியான தாங்கிக்குள் நேரே இறங்கக் கூடாது. காற்றை அடித்து உள்ளே கிடக்கும் வாயுவை வெளியேற்றி, வெளியே ஒருவரைக் காவலுக்கு நிறுத்திவிட்டு, அடிக்கதவால் தவழ்ந்து போக வேண்டும். சுடுநீரும் தூரிகையும்தான், சவர்க்காரம் கிடையாது.

இவை எல்லாவற்றுக்கும் முதல் கை மணத்தல், வேறு வாசனை ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று கையை மோந்து பார்ப்பது. நொதிக்கும் காலம் முழுக்கப் பெரிய மிசியூ காலையில் தாங்கி மண்டப வாசலில் நிற்பார். நாங்கள் வரிசையாகப் போய் உள்ளங்கையை மேலே காட்டி நீட்ட வேண்டும். முதலில் மணிக்கட்டை மணப்பார், பிறகு விரல் நுனியை. பேசமாட்டார். சரியென்றால் தலையை உள்ளே அசைப்பார், சரியில்லை என்றால் தண்ணீர்க் குழாய்ப் பக்கம். முகச்சவரம் செய்து வாசனைத் தண்ணீர் பூசிய பிரெஞ்சுக்காரர் ஒருவரை வீட்டுக்கே அனுப்பினார். தோடம்பழம் உரித்துத் தின்றுவிட்டு வந்த தன் மகனை எல்லோருக்கும் முன்னால் மூன்று தரம் கழுவ வைத்தார்.

முதல் கிழமை எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. பிறகு இல்லை. எல்லோருடைய கையும் ஒரே கை என்று அந்த வாசலில் நடந்தது. பரிசில் நான் வேலை செய்த இடம் எதிலும் அப்படி நடந்ததில்லை. அதற்காகவே அந்த மனிதரை மதித்தேன். தலைக்கு எண்ணெய் வைப்பதை விட்டேன். என் வேலை உடுப்புகளை மனைவி தனிப் பையில் கட்டி பல்கனியில் வைப்பாள். வைன் தாங்கியை விட்டுப் போத்தலுக்குப் போகுமட்டும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் தாளிதம் இல்லை, மீன் பொரியல் இல்லை. பிள்ளைகள் சோற்றையும் பருப்பையும் பார்த்துவிட்டுப் பிரெஞ்சில் முணுமுணுப்பார்கள். "உங்கடை அப்பாவுக்கு மூக்குக்காரன் ஒருத்தன் இருக்கிறான். பேசாமல் சாப்பிடுங்கோ" என்பாள் அவள்.

இனி ஜெகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜெகன் என் மனைவியின் தம்பி. சண்டை முடிந்த கையோடு வந்தவன். பெண்சாதியும் நாலு வயது மகளும் யாழ்ப்பாணத்தில். அவனுக்கு ஒரு வருட விசாதான் கொடுத்திருந்தார்கள். வருட முடிவில் நிரந்தர வேலை ஒப்பந்தம் ஒன்றைக் காட்டினால் விசா நீளும், பிறகு குடும்பத்தைக் கூப்பிடலாம். காட்டாவிட்டால் ஒன்றும் இல்லை. நான் அவனைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனேன். தற்காலிக ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். உடம்பு வளைந்து வேலை செய்வான், சத்தம் போடமாட்டான். பெரிய மிசியூவுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. ஒரு தாங்கியை அவன் பொறுப்பிலேயே விட்டார். "மாசியில் இவனுடைய தற்காலிகம் முடிகிறது. அப்போது நிரந்தரமாக எழுதித் தருகிறேன்" என்று என்னிடம் சொன்னார். அதை நான் தமிழில் சொன்னபோது ஜெகன் தாங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அன்று பின்னேரம் முழுக்க மகளோடு தொலைபேசியில் இருந்தான்.

அந்தப் புரட்டாதியில் ஆயுத பூசை வெட்டுக் காலத்துக்குள் வந்தது. காலையில் நான் மண்டபத்துக்குள் போனால் ஜெகனுடைய தாங்கியின் வெளிக்கதவில் சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம். முற்றத்தில் ஒரு கல்லின்மேல் கற்பூரம் எரிந்த கறுப்பு. ஜெகனைத் தேடிப் பிடித்தேன்.

"உனக்கு விசரே? வாசனை கூடாதெண்டு எத்தினை தரம் சொன்னனான்?"

"வெளியிலைதானே அத்தான் வைச்சனான். சோறு போடுற இடத்துக்குப் பொட்டு வைக்காமல் என்னெண்டு இருக்கிறது?"

அதற்குள் பெரிய மிசியூ வந்துவிட்டார். பொட்டுக்குக் கிட்டப் போய் மணந்தார். கதவின் விளிம்பை மணந்தார். ஜெகனின் விரலைப் பிடித்து மணந்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "உங்கள் கடவுளிடம் சொல், இங்கே அவரும் வாசனை போட்டுக்கொண்டு வரக் கூடாது." சொல்லிவிட்டுச் சிரித்தார். ஜெகன் சுடுநீரால் துடைத்தான். கதை அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம்.

அந்தக் கோடையில் தோட்டத்தில் இன்னொரு வேலையும் நடந்திருந்தது. பெரிய மிசியூ பொறுப்பை மகனிடம் கொடுத்த வருடம் அது. பரிசிலிருந்து பார்க்க வருகிறவர்களுக்கு உருக்குத் தாங்கிகள் ஆஸ்பத்திரி போலத் தெரிகின்றனவாம். ஆகவே சின்ன மிசியூ மண்டபத்தின் ஒரு பக்கச் சுவருக்கும் கூரைக்கும் பலகை அடித்தார். எங்கேயோ இடித்த கிடங்கின் பழைய பலகை. பழையது என்பதுதான் அதில் அழகாம். பெரிய மிசியூ வந்து பார்த்துவிட்டுப் போனார்.

தை மாதம் எங்கள் வைனை வாங்குகிறவர் ஒருவர் பரிசிலிருந்து வந்தார். ஒவ்வொரு தாங்கியாகச் சுவைத்துக்கொண்டு வந்தவர் ஜெகனுடைய தாங்கியில் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். நானும் மணந்து பார்த்தேன். மழையில் நனைந்த அட்டைப்பெட்டி நிலத்தில் கிடந்தது போல ஒரு மணம். பீப்பா வைன் என்றால் மரவாசனைக்குள் கொஞ்சமாவது ஒளிந்திருக்கும். இதில் அப்படியே முகத்தில் அடித்தது. அந்தத் தாங்கி பலகைச் சுவரை ஒட்டினாற்போல இருந்தது. அப்போது அதை ஒருவரும் யோசிக்கவில்லை.

வாங்குகிறவர் போன பிறகு சின்ன மிசியூ எங்கள் எல்லோரையும் கூப்பிட்டார். நாங்கள் ஐந்து பேர். மூன்று பேர் பிரெஞ்சுக்காரர், மற்றது நாங்கள் இருவர். ஜெகனிடம் போய்க் கையை நீட்டச் சொல்லி மணந்தார். பிறகு என்னுடையதை. மற்ற மூவரும் கையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நின்றார்கள். அவர்களை அவர் கேட்கவே இல்லை. அவருடைய தகப்பன் எத்தனையோ வருடம் மணந்த கைதான் இது. ஆனால் அன்றைக்கு எனக்குக் காது சூடாகிக் கண் கலங்கிவிட்டது. அதை எழுத எனக்கு வெட்கம் இல்லை.

"புரட்டாதியில் அந்தத் தாங்கியில் என்னத்தைப் பூசினாய்?" என்று கேட்டார். ஜெகனுக்கு அப்போது பிரெஞ்சு அவ்வளவாக வராது. நான்தான் மொழிபெயர்த்தேன்.

"உள்ளதைச் சொல்லுங்கோ அத்தான்" என்றான் ஜெகன். "வெளியிலை ஒரு பொட்டு. துடைச்சனான். பெரியவரே மணந்து பாத்தவர்."

எல்லோரும் பெரிய மிசியூவைப் பார்த்தோம். அவர் பின்னால் நின்றார். கிண்ணத்தை எடுத்து மணந்தார். ஒரு தரம் சுற்றிவிட்டு இன்னும் மணந்தார். கிண்ணத்தை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

நான் முற்றத்துக்குப் பின்னால் ஓடினேன். "மிசியூ, அது சந்தனமா?" என்று நேரே கேட்டேன்.

"இல்லை" என்றார். "மரம். அந்தப் பலகையில் ஏதோ மருந்து இருக்கிறது."

"அதை உள்ளே வந்து சொல்லுங்கள்."

"மாதிரி ஆய்வுகூடத்துக்குப் போகிறது. அவர்கள் சொல்வார்கள்."

"அவர்கள் சொல்லும்போது ஜெகனுடைய விசா முடிந்திருக்கும். மாசியில் எழுதித் தருவதாகச் சொன்னது நீங்கள்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. கொடிகள் இலையில்லாமல் நின்ற மேட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "பொறுப்பெடுத்த என் மகனுக்கு இது முதல் வருடம். வேலைக்காரர்களுக்கு முன்னால் நான் அவனைத் திருத்தினால், இனி இந்த வளவில் அவன் பேச்சை யாரும் கேட்க மாட்டார்கள்."

இந்த ஒரு சொல்லைத்தான் நான் இத்தனை வருடமாக வைத்து உருட்டுகிறேன். தெரியாமல் செய்தவர்மேல் எனக்குக் கோபம் அதிகம் இல்லை. சின்ன மிசியூவுக்கு உண்மையில் தெரியாது. இவருக்குத் தெரியும். ஐந்து பேருடைய கையும் ஒரே கை என்று எங்களுக்குக் காட்டிய மனிதர் இவர். தன் மகனுடைய மரியாதையையும் ஜெகனுடைய வாழ்க்கையையும் தராசில் போட்டார், மகன் பக்கம் தாழ்ந்தது. தகப்பன் என்றால் அப்படித்தான் என்று எனக்குச் சமாதானம் சொன்னவர்களும் உண்டு. ஜெகனும் ஒரு தகப்பன்தான்.

ஜெகனை யாரும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. அந்த நாகரிகம் அவர்களிடம் இருந்தது. மாசி முடிவில் தற்காலிகம் முடிந்தது, புதிதாக எழுதவில்லை, அவ்வளவுதான். பையைத் தூக்கிக்கொண்டு போகும்போது பெரிய மிசியூ அவனுக்குக் கை கொடுத்தார். ஜெகனும் கொடுத்தான். அவனுக்கு நான் முற்றத்தில் நடந்த பேச்சை அப்போதே சொல்லியிருந்தேன்.

ஆய்வுகூட முடிவு சித்திரை பிறந்த பிறகு வந்தது. பலகை உளுத்துப் போகாமல் இருக்க முந்தி எப்போதோ அடித்த மருந்தாம். அது காற்றில் கலந்து வைனுக்குள் இறங்கியிருக்கிறது. ஒரே நாளில் பலகை முழுவதையும் பிடுங்கினார்கள். அந்தத் தாங்கி வைன் வடிசாலைக்குப் போயிற்று. மரம் படாத வைன் என்று பெருமை பேசிய இடத்தைக் கெடுத்தது மரம்தான். இதைச் சொல்லி அந்த ஊரில் சிரித்தவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றே சின்ன மிசியூவின் அறைக்குப் போனேன். ஜெகனைத் திருப்பி எடுங்கள் என்றேன். விசா முடிந்து ஒரு மாதந்தான், இப்போதும் ஒரு ஒப்பந்தம் இருந்தால் அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கலாம் என்றேன்.

"ஜெகன் நல்ல பையன்" என்றார் அவர். "ஆனால் வைன் மட்டும் காரணம் இல்லை. கேட்காமல் ஒரு சடங்கு செய்தான். அது அவன்மேல் எங்களுக்கு இருந்த நம்பிக்கை சம்பந்தப்பட்ட விஷயம். அதோடு, அந்த இடத்துக்கு ஏற்கனவே வேறு ஆள் எடுத்துவிட்டேன்."

தை மாதம் காரணம் வைன். சித்திரையில் காரணம் நம்பிக்கை. வைகாசியில் கேட்டிருந்தால் வேறொன்று சொல்லியிருப்பார். இனிக் கதைத்துப் பிரயோசனம் இல்லை என்று தெரிந்துகொண்டு வெளியே வந்தேன்.

நான் அங்கேயே வேலை செய்தேன். வீட்டு வாடகை, இரண்டு பிள்ளைகள், ஐம்பதை எட்டிப்பிடிக்கும் வயது. வேறு என்ன செய்வது? நிலவறைக்கு நானே பொறுப்பாளன் ஆனேன். கை மணக்கும் வழக்கத்தைச் சின்ன மிசியூ நிறுத்திவிட்டார். எங்கள் வீட்டில் அதற்கு முன்பே தாளிதம் தொடங்கிவிட்டது. அந்தச் சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி மீனைப் பொரித்து, என் வேலை உடுப்பை அடுப்படிக் கொளுக்கியில் கொண்டுவந்து தொங்கவிட்டாள். "என்ரை தம்பி நாறுறான் எண்டு சொன்ன இடத்துக்கு நீங்கள் மணமில்லாமல் போகவேண்டாம்" என்றாள். நான் அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஜெகன் விசா இல்லாமல் லா சப்பலில் சாப்பாட்டுக் கடை அடுப்படியில் நின்றான். பொலிஸ் மறிக்கும் என்று மெத்ரோ ரயிலில் ஏறமாட்டான், எங்கேயும் நடைதான். முதல் வருடங்களில் மகள் தொலைபேசியில், "அப்பா எப்ப எங்களைக் கூப்பிடுவியள்?" என்று கேட்பாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். மறுத்து மறுத்துக் கடைசியில், இவ்வளவு காலம் இங்கே இருந்தவன் என்ற கணக்கில் விசா கொடுத்தார்கள். அதன் பிறகும் குடும்பத்தைக் கூப்பிடக் காத்திருக்க வேண்டும், வீடு காட்ட வேண்டும், சம்பளம் காட்ட வேண்டும். எல்லாம் சரிக்கட்டிக்கொண்டு போனபோது மகளுக்குப் பதினெட்டு தாண்டிவிட்டது. பதினெட்டுக்கு மேல் என்றால் பிள்ளை என்று எடுக்கமாட்டார்கள். பெண்சாதி மட்டும் வரலாம் என்றார்கள். "குமர்ப்பிள்ளையைத் தனிய விட்டிட்டு நான் என்னெண்டு வாறது?" என்று அவள் சொல்லிவிட்டாள். அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அவர்கள் மூன்று பேரும் இன்றைக்கும் தொலைபேசியில்தான் குடும்பம் நடத்துகிறார்கள்.

பெரிய மிசியூ காலமாகிவிட்டார். நான் செத்த வீட்டுக்குப் போகவில்லை.

இந்த வருடம் மாசியில் சின்ன மிசியூ எனக்குத் தொலைபேசி எடுத்தார். உறைப்புச் சாப்பாட்டோடு மரம் படாத வெள்ளை வைன் குடிப்பது இப்போது பரிசில் புது நாகரிகமாம். லா சப்பல் கடைகளை எனக்குத் தெரியும்தானே, இரண்டு மூன்று இடத்துக்குக் கூட்டிப் போக முடியுமா என்று கேட்டார். சரி என்றேன். முதல் இடமாக ஜெகன் வேலை செய்கிற கடைக்கே கூட்டிப் போனேன். வேண்டுமென்றுதான் செய்தேன். இரண்டு பேரும் முகத்துக்கு முகம் நிற்க வேண்டும், அந்த ஆளின் முகம் மாறுவதை நான் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

கடை முதலாளி ஜெகனை அடுப்படியிலிருந்து கூப்பிட்டார். இப்போது அவன்தான் அங்கே தலைமைச் சமையல்காரன். தலை வழுக்கை விழுந்து, தாடி நரைத்துவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு வந்து கிண்ணத்தை வாங்கினான்.

"இதில் துளியும் மரம் படவில்லை" என்று சின்ன மிசியூ விளக்கத் தொடங்கினார்.

"தெரியும், மிசியூ" என்றான் ஜெகன். இப்போது அவனுடைய பிரெஞ்சு என்னுடையதைவிட நல்லது. "நான் அங்கே வேலை செய்திருக்கிறேன். நீங்கள் பலகை அடித்த வருடம்."

நான் சின்ன மிசியூவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் சிரித்துக்கொண்டு நெற்றியில் கை வைத்தார். "ஐயோ, அந்த வருடமா? திராட்சை வெட்ட வந்தீர்களா? ஒரு முழுத் தாங்கியை இழந்தோம். மறக்க முடியாத நட்டம்."

"காப்புறுதிப் பணம் கிடைத்ததா?" என்று ஜெகன் கேட்டான்.

"கிடைத்தது, கிடைத்தது. முழுவதையும் தந்துவிட்டார்கள்."

"நல்லது" என்றான் ஜெகன்.

சின்ன மிசியூ கடை முதலாளியின் பக்கம் திரும்பி, எந்தக் குளிரில் பரிமாற வேண்டும் என்று சொல்லத் தொடங்கினார். நடிக்கிறாரோ என்று உற்றுப் பார்த்தேன். இல்லை. அந்த மனிதருக்கு உண்மையிலேயே ஜெகனைத் தெரியவில்லை. இவன்தான் அவன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஜெகன் என் கையைப் பிடித்தான்.

"சொல்லாதேங்கோ அத்தான்."

"ஏன்ரா?"

"சொன்னால் மன்னிப்புக் கேப்பார். நல்லாய் வளந்த மனிசன், கட்டாயம் கேப்பார். கேட்டால் நான் பரவாயில்லை எண்டு சொல்லவேணும்." கிண்ணத்தை அப்படியே மேசையில் வைத்தான். "எனக்கு அது ஏலாது."

மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். அவன் அடுப்படிக்குப் போனான். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.